வேலுத்தாய் ஏறி நின்ற பாலம்

1979-ஆம் வருஷம் சித்திரை மாதம் அட்டையாற்றுப் பாலத்தின் நடுவில் ஏறி நின்றபோது வேலுத்தாயின் எடை, பச்சைக் கொழுந்து ஏற்றிய பதினொரு லாரிகளின் எடைக்குச் சமமாக இருந்தது. கணக்குப் போட்டவர் பொதுமராமத்து இலாகாவின் ஜூனியர் இன்ஜினீயர் ராமபத்ரன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டு அப்புறம் காகிதத்தில் சரிபார்க்கிற வம்சம் என்பதால் தப்பு வர வழியில்லை. ஆளைப் பார்த்தால் வேலுத்தாய் முருங்கைக் குச்சிக்குச் சேலை சுற்றியது போலத்தான் இருப்பார். ரவிக்கைக்குத் துணி எடுக்கப் போனால், முக்கால் மீட்டரே மிச்சம்தான் என்று கடைக்காரர் கேலி செய்வார். அந்த எடை சோறு தின்று வந்ததில்லை. அது எப்படி வந்தது என்று குருவிமலை எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறது.

குருவிமலையின் கீழ் டிவிஷன் இடுக்கி மலையில் அட்டையாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ரோடு, ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி, தேயிலை ஃபேக்டரி எல்லாம் அந்தப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆற்றின் மேல் கம்பிவடம் இழுத்துவிட்டார்கள். பறித்த கொழுந்து மூட்டை மூட்டையாக அதில் தொங்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும். ஒரு மூட்டை தாங்குமே தவிர ஆளைத் தாங்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் தாத்தன் காலத்தில் மலையேறி வந்த சனங்கள், இரண்டு மரங்களை வெட்டி ஆற்றின் குறுக்கே போட்டு அதன் மேல் நடந்தார்கள். ஆனி ஆடி மழையில் ஆறு அந்த மரங்களை எடுத்துக்கொள்ளும். தீபாவளிக்குப் பிறகு ஆண்கள் கூடி வேறு இரண்டு மரங்களைப் போடுவார்கள். ஆற்றுக்கும் ஊருக்கும் இடையில் இது ஒரு ஒப்பந்தம் போலவே நடந்துவந்தது. மரம் போய் மரம் வரும்வரை நோய்க்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கரையில் இருந்த ஒரு கற்பூர மரத்தடியில் தண்ணீர் வடியக் காத்திருப்பார்கள். காத்திருந்தவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. அதைப் பற்றி யாரும் கம்பெனியிடம் கேட்கவில்லை. மழையைக் கேட்க முடியுமா என்று விட்டுவிட்டார்கள்.

1970 ஆடியில் வேலுத்தாயின் ஒரே மகள் மூக்கம்மாளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும் என்று எஸ்டேட் கம்பவுண்டர் கையை விரித்தார். மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி அவளைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். முன் கழியில் வேலுத்தாயின் புருஷன் சோலை, பின் கழியில் சோலைக்குத் தம்பி முறையான காளிச்சாமி. கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலுத்தாய் பின்னால் நடந்தார். ஆற்றுக்கு வந்தால் மரங்கள் அன்று காலையில்தான் போயிருந்தன. கற்பூர மரத்தடியில் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். மூக்கம்மாள் அங்கேயே போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் கூடவே போய்விட்டது. திரும்பத் தூக்கியபோது கழியில் கனமே இல்லை. பிணம் நழுவி விழுந்துவிட்டதோ என்று காளிச்சாமி பதறிக் கம்பளியை விலக்கிப் பார்த்தான். மூக்கம்மாள் இருந்தாள், அவளுடைய எடைதான் இல்லை. வெறும் கம்பளியைத் தூக்குவது போல இருவரும் மேட்டில் ஏறினார்கள். பின்னால் வந்த வேலுத்தாயின் கால் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் மூடப் புதைந்தது. மழைச் சேறு என்று நினைத்தார்கள். வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் சிமெண்டுப் படி அவர் மிதித்ததும் விரிசல் விட்டபோதுதான் சேறு இல்லை என்று தெரிந்தது.

எஸ்டேட்டில் எல்லாமே நிறுவையில்தான் ஓடுகிறது. கொழுந்தை மூன்று வேளையும் முக்காலியில் தொங்கும் தராசில் கொக்கி மாட்டி நிறுப்பார்கள். ஈரக் கொழுந்து என்று சொல்லித் தண்ணீர்க் கழிவு பிடிப்பார்கள். வெயில் காலத்திலும் பிடிப்பார்கள், கேட்டால் பனி என்பார்கள். நிறுக்கிறவர் பெரியமுத்து கங்காணி. கெட்டவர் இல்லை, ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அதிலும் ஒரு கழிவு பிடித்துவிடக் கூடிய மனிதர். சனிக்கிழமைகளில் நிறுவை முடிந்ததும் பெண்கள் விளையாட்டாக அந்தக் கொக்கியில் தொங்கித் தங்கள் எடையைப் பார்ப்பது வழக்கம். மகள் செத்த அடுத்த தை மாதம், துக்கம் கலையட்டும் என்று வேலுத்தாயையும் வற்புறுத்தித் தொங்கவைத்தார்கள். முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, கொக்கி நிமிர்ந்துபோனது. பெரியமுத்துவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கொழுந்து மூட்டையில் கல் வைத்து எடை காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர் அவர்.

“கல்லை எங்க தாயி ஒளிச்சு வச்சிருக்க? மரியாதையா எடுத்துக் கீழ போடு.”

“கல்லு இருந்தா கொழுந்துலல்ல போட்டிருப்பேன் அண்ணாச்சி. எம் மேல போட்டுக்கிட்டு எனக்கென்ன லாபம்?” என்றார் வேலுத்தாய்.

பெரியமுத்து இரண்டு பெண்களை விட்டு மடியையும் இடுப்புச் சாக்கையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. கடைசியில் தராசு கெட்டுவிட்டது என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார். புதுத் தராசு வந்ததும் வேலுத்தாய் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது என்று ஏற்பாடு.

அதற்குப் பிறகுதான் சனங்கள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். மகளைப் பறிகொடுத்தவளிடம் நம்முடைய குறையைச் சொன்னால் என்ன, அவளுக்குப் புரியும் என்று முதலில் ஒருத்தி வந்தாள். கூரை ஒழுகி மூன்று பிள்ளைகளும் இருமுகிறார்கள் என்று சொல்லி அழுதாள். சொல்லி முடித்து எழுந்தபோது உடம்பு காற்றுப் போல இருந்தது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவள் இறக்கிவைத்தது வேலுத்தாய் மேல் ஏறியிருந்தது, உட்கார்ந்திருந்த மணைப்பலகை ஓசையோடு பிளந்தது. பிறகு கூட்டம் நிற்கவில்லை. குடிகாரப் புருஷன், வராத லீவுச் சம்பளம், வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்தில் பால் தராத ஆயா, ஊரில் அண்ணன் எழுதி வாங்கிக்கொண்ட காணி, கையெழுத்து மாறியதால் கிடைக்காத அரிசி என்று ஆளாளுக்கு வந்து இறக்கிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனார்கள். வேலுத்தாய் உச்சுக் கொட்டி ஆறுதல் சொல்லி அனுப்புகிற ஆள் இல்லை. கேட்டுக்கொண்டார் என்றால் மறுநாள் ஆபீசுக்குப் போவார். அங்கே துரை என்று எல்லோரும் சொல்கிற மேனேஜரின் அறைக்கு முன்னால் உட்காருவார். உட்கார்ந்தால் அவ்வளவுதான். மேனேஜர் ஆள் விட்டு எழுப்பச் சொன்னார். இரண்டு வாட்ச்மேன்கள் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு நாலு பேர், பிறகு போலீஸ் வந்து தன் பங்குக்கு மூச்சுப் பிடித்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டு போனதுதான் மிச்சம். வராந்தாவின் சிமெண்டுத் தரை அவர் உட்கார்ந்த இடத்தில் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. துரை கதவைத் திறந்தால் எதிரே வேலுத்தாய், ஜன்னலைத் திறந்தால் பக்கவாட்டில் வேலுத்தாய்.

இப்படித்தான் கூரைகளுக்குத் தகரம் வந்தது. வெயில் காலத் தண்ணீர்க் கழிவு நின்றது. பிள்ளைமடுவத்துக்குப் புது ஆயா வந்தாள். 1973-இல் யூனியனுக்கு கன்வீனர் வேண்டும் என்றபோது, பொம்பளையைப் போட்டால் மற்ற டிவிஷன்காரன் சிரிப்பான் என்று பெரியமுத்து சொன்னார். சிரிக்கிறவன் வந்து அவளைத் தூக்கிக் காட்டட்டும், நாங்கள் வேறு ஆளைப் போடுகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். யாரும் வரவில்லை. அந்த மலையில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி கன்வீனர் ஆனது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சோலை ஆற்றிலிருந்து பாறைப் பலகைகளை உருட்டி வந்து தரை முழுக்கப் பதித்தார். கட்டிலுக்குக் கால் நிற்காததால் பாறையிலேயே பாய் விரித்தார்கள். மழைக்காலத்தில் அது குளிரும், அதற்குச் சணல் சாக்கை மடித்துப் போட்டுக் கொடுப்பார். எல்லோரும் அவருடைய பெண்டாட்டியிடம் வந்து இறக்கிவைத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. மகளை எடுத்த நாளிலிருந்து முன் கழி தூக்கிய வலது தோளைச் சற்று இறக்கியே நடந்தார், இன்னும் கழி அங்கே இருப்பது போல. வேலுத்தாய் ஒருமுறை கேட்டார். “நீங்க ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிறீங்களே. உங்களுக்கு இல்லையா?” அதற்கு அவர், “ஊரு ஏத்துறது போதாதுன்னு நானும் ஏத்தணுமாக்கும்? கஞ்சி ஆறுது, குடி” என்றார். இவ்வளவு அன்பான மனிதர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! வேலுத்தாய் கஞ்சியைக் குடித்தார்.

ஆனால் தகரத்துக்கும் பாலுக்கும் உட்கார்ந்தது எல்லாம் வேலுத்தாய்க்குக் கைப்பழக்கம் மாதிரிதான். அவருக்கு வேண்டியது ஒன்று. அட்டையாற்றுக்கு ஒரு பாலம், பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆடி மழையில் ஜீப் போகிற பாலம். கம்பெனியைக் கேட்டால் ஆறு சர்க்காருடையது என்றது. சர்க்காரைக் கேட்டால் இரண்டு கரையும் கம்பெனியுடையது என்றது. ஜீப்பில் ஏறினால் டயர் வெடிக்கும், பஸ்ஸில் ஏறினால் படி ஒடியும். அதனால் எல்லா ஆபீசுக்கும் அவர் நடந்தே போனார். கோடையில் முட்டளவு தண்ணீரில் இறங்கி ஆற்றைத் தாண்டுவார். மழையில் இரண்டு ஆள் ஆழம் ஓடும்போது அவருக்கும் கரைதான். மூன்று வருஷம் நடந்தார். மூன்று மழைக்காலமும் கற்பூர மரத்தடியில் யாராவது காத்திருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்கள் வந்து சொல்லி அழுதபோது வேலுத்தாயின் எடை கூடியது. ஜில்லா ஆபீசின் மாடிப்படி ஒன்று இறங்கிய அன்று, இந்த அம்மாள் இனி மேலே வரவேண்டாம், பாலம் சாங்ஷன் ஆகிவிட்டது என்று கீழே ஆளனுப்பிச் சொன்னார்கள்.

1975 கார்த்திகையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். உடனே லயங்களில் கதவு சாத்தத் தொடங்கிவிட்டார்கள். பாலம் நிற்க வேண்டும் என்றால் தூணுக்கு அடியில் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள், சாக்கோடு ஆள் அலைகிறது என்று ஒரு பேச்சு. பிள்ளைமடுவம் காலியானது. தாய்மார் வேலைக்கு வரவில்லை, கொழுந்து முற்றியது. வேலுத்தாய் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினார். “பலிதான கேக்குது இந்த ஆறு? எம் பிள்ளையைக் குடுத்தாச்சு. பேரப் பிள்ளையையும் சேத்துக் குடுத்தாச்சு. இன்னும் இதுக்கு என்ன பாக்கி? கதவத் தொறந்து வேலைக்கு வாங்க” என்றார். மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள்.

அடுத்த பங்குனியில் பாலம் முடிந்தது. வெள்ளையடித்து, கைப்பிடிக்கு நீலப் பெயிண்டும் பூசியிருந்தார்கள். உத்காடனம் என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். திறப்பு விழாவில் பாலத்துக்காகப் பாடுபட்ட கன்வீனர் வேலுத்தாய்க்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்று அதில் கடைசி வரி. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ராமபத்ரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வந்தார். பாலம் இருக்க ஏன் ஆற்றில் வருகிறார் என்று பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். சோலை பால் இல்லாமல் போட்டுக் கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கப்படாது. அந்தப் பாலம் பாரம் தாங்காது, கேட்டேளா. சிமெண்டுல பாதிக்கு மேல ஆத்து மணலாக்கும். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். மேல இருக்கறவா படிக்கவே இல்லை. நாளைக்குத் திறந்துட்டா நல்லா இருக்குன்னு ஆயிடும். அப்பறம் மழையில ஒரு வண்டி போறச்சேதான் தெரியும்.”

“இப்பவே தெரியணும்னா என்ன சார் செய்யணும்?”

ராமபத்ரன் தரையில் பதித்திருந்த பாறைகளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “நீங்கோ ஏறி நிக்கணும்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ட்ராக்டருக்குப் பயந்து ஒரு வருஷம் சரியாகத் தூங்காத மனிதர் அவர். எழுந்து போகும்போது காற்றுப் போல நடந்தார். அடுப்படியில் ஒரு பாறை கீறல் விட்டது.

மறுநாள் மேளம் வாசித்தார்கள், தோரணம் கட்டினார்கள். அக்கரை மேடையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் முதலில் நான் நடக்கிறேன் என்று வேலுத்தாய் கேட்டார். பாவம், கிழவிக்கு ஆசை, போகட்டும் என்று மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ட்ராக்டர் வெளியூர்க்காரர், விஷயம் தெரியாது, அவரும் சிரித்தார். வேலுத்தாய் இக்கரையிலிருந்து ஏறி நடந்தார். நடுவுக்கு வந்து நின்றதும் பாலம் ஒரு பெருமூச்சு விட்டது போல இருந்தது, அப்புறம் காய்ந்த அப்பளம் போல உடைந்து விழுந்தது. தூசி அடங்கிப் பார்த்தால் வேலுத்தாய் முட்டளவு தண்ணீரில் நின்ற மேனிக்கே நின்றிருந்தார். உடைந்த துண்டுகளிலிருந்து மணல் பொலபொலவென்று ஆற்றில் கரைந்துகொண்டிருந்தது. மேளக்காரர்களுக்கு நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார்கள்.

விசாரணை வந்தது. மனிதருக்கும் வண்டிக்கும் போட்ட பாலம் இது, ஊரார் துக்கத்தை எல்லாம் சுமக்கிற விசேஷ பாரத்துக்குப் போட்டதில்லை, இந்த அம்மாள் ஏறினால் எந்தப் பாலமும் உடையும் என்று கண்ட்ராக்டர் வாதம் செய்தார். அதிகாரிகளுக்கும் அது நியாயம் போலத்தான் பட்டது. பதிலுக்கு வேலுத்தாய் நீளமாகப் பேசவில்லை. “எங்க சனம் இதைச் சொமந்துக்கிட்டுத்தான் ஐயா தெனமும் நடக்குது. நான் சேத்துச் சொமக்குறேன், அவுக பிரிச்சுச் சொமக்குறாக. அதையும் சேத்துத் தாங்குறதுக்குப் பேருதான் பாலம்” என்றார். ராமபத்ரன் எழுந்து, அந்தப் பாலத்தில் இருந்தது இவ்வளவு சிமெண்டு, இருந்திருக்க வேண்டியது இவ்வளவு என்று முதல் தடவையாக நாலு பேர் முன்னிலையில் வாய் திறந்து சொன்னார். கண்ட்ராக்டர் செலவிலேயே திரும்பக் கட்ட வேண்டும், வேலுத்தாய் ஏறி நின்று தாங்கினால்தான் பாலம் என்று உத்தரவானது. சர்க்கார் ஒரு பெண்ணை எடைக்கல்லாக ஏற்றுக்கொண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஊர் இதைக் கொண்டாடியது என்று நினைத்தால் அது தப்பு. கிடைத்த பாலத்தையும் உடைத்துவிட்டாள் என்று ஏசினார்கள். வெறும் ஆள் மட்டும் நடந்திருந்தால் பத்து வருஷம் தாங்கியிருக்கும், இவளுக்குக் கொழுப்பு என்று காளிச்சாமியே சொன்னான். அந்த ஆடியில் அவனுடைய தங்கச்சி கற்பூர மரத்தடியில் காத்திருந்து பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பினாள். ஒருவரும் வேலுத்தாயிடம் பேசவில்லை. அந்த மாதங்கள்தான் அவருக்கு மிகவும் கஷ்டமான மாதங்கள். தான் செய்தது சரிதானா என்று பாறையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் காளிச்சாமி ஒருநாள் வாசலில் வந்து நின்று, “ஒங்க மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது மதினி, யார்ட்டப் போய்ச் சொல்லன்னு தெரியல” என்றான். “எங்கிட்டயே சொல்லு” என்றார் வேலுத்தாய். அவன் உட்கார்ந்து அவரையே திட்டித் தீர்த்தான். திட்டி முடித்ததும் மனம் லேசாகிப் போய்விட்டது. அதன் பிறகு மற்றவர்களும் ஏச வந்தார்கள், ஏசிவிட்டு லேசாகப் போனார்கள். ராமபத்ரன் அடுத்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது பாலம் மெதுவாக எழுந்தது. பாறை தெரிகிறவரை தோண்டினார்கள், வேலுத்தாய் இறங்கி நின்று பார்த்தார். தூணுக்குக் கான்கிரீட் போட்டுக் காய்ந்ததும் ஏணிக்குப் பதிலாகக் கல்படி அடுக்கிக் கொடுத்தார்கள், ஏறி நின்று பார்த்தார். ஒரு தூண் மயிரிழை சாய்ந்தபோது ராமபத்ரன் அதை இடிக்கச் சொன்னார். கண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சிமெண்டு மூட்டை இறங்குகிற நாளில் கொழுந்துப் பெண்கள் வேலை விட்டு வந்து மூட்டையைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். நிறுவையில் ஏமாற்றுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாததா? பெரியமுத்து கங்காணி தராசையே தூக்கி வந்து முக்காலியை ஆற்றங்கரையில் நட்டுவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய கழிவு சரியான ஆள் மேல் விழுந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

1979 சித்திரையில் மறுபடி தோரணம், மறுபடி மேளம், அதே பொன்னாடை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வேலுத்தாய் இக்கரையிலிருந்து ஏறி நடந்து நடுவில் நின்றார். பாலத்துக்கு அடியில் ராமபத்ரன் ஒரு மரச் சட்டத்தில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்திருந்தார். கோடு அசையவில்லை. “தாங்கறது! ஒண்ணும் ஆகலை, தாங்கறது!” என்று கீழேயிருந்து கத்தினார். கூட்டம் இரு கரையிலும் ஆர்ப்பரித்தது. மேடைக்கு வாருங்கள் என்று அக்கரையிலிருந்து பொன்னாடையை விரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். வேலுத்தாய் நகரவில்லை.

“இன்னும் ஒரு ஆளு பாக்கி” என்று இக்கரையைத் திரும்பிப் பார்த்தார். “இந்தாருங்க, வாங்க.”

சோலை கூட்டத்துக்குப் பின்னால் கற்பூர மரத்தடியில் நின்றிருந்தார். தலையை ஆட்டி வரமாட்டேன் என்றார். “நீங்க இறக்காதது இந்தப் பாலத்துல ஏறல. நாளைக்கு வேற ஒருத்தன் அப்பிடியே நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இதுல நடப்பான். அது தாங்குதான்னு பாக்காம நான் எறங்கமாட்டேன்” என்றார் வேலுத்தாய். பெண்கள் விலகி வழி விட்டார்கள். சோலை வலது தோளை இறக்கியபடியே மெதுவாக நடந்து வந்து பெண்டாட்டிக்கு எதிரே நின்றார். மேளம் நின்றிருந்ததால் அவர் சொன்னது இரு கரைக்கும் கேட்டது.

“அன்னைக்கு மரத்தடியில நீ இன்னொரு சாக்கு எடுக்கப் போயிருந்த. பிள்ளை கம்பளிக்குள்ள இருந்து கூப்பிட்டா. அப்பா, அக்கரை வந்திருச்சான்னு கேட்டா. வந்திருச்சு தாயின்னு சொல்லிட்டேன். அந்தால ஆஸ்பத்திரி தெரியுது, விளக்குத் தெரியுது, தூங்குன்னு சொன்னேன். அவ சரின்னு சொல்லிட்டுத் தூங்கினா.”

அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது வருஷம் வைத்திருந்தது அவ்வளவுதான். வேலுத்தாய் வாய்விட்டு அழுதார், மகள் செத்த அன்றும் அழாதவர் என்று எல்லோரும் சொல்வார்களே, அவர். பாலம் நடுவில் ஒரு விரற்கடை இறங்கியது. கீழே ராமபத்ரனின் கோடு இறங்கியது. இறங்கிய இடத்தில் பாலம் நின்றது. சோலையின் தோள் நிமிர்ந்தது. வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, நடங்க. அக்கரைக்குப் போவோம்” என்றார். இருவரும் நடந்து போனார்கள். அக்கரையில் இறங்கியபோது மண்ணில் வேலுத்தாயின் கால் புதையவில்லை. பொன்னாடையைப் போர்த்தினார்கள், பெரிய மனிதர் ஒருவர் அவருடைய சேவையைப் பற்றி மலையாளத்தில் பேசினார், நன்றாகவே பேசினார்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் வேலுத்தாயைத் தராசில் தொங்கவைத்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ. பெரியமுத்து பழக்க தோஷத்தில் கழிவு பிடிக்கப் போய், எல்லோரும் முறைத்ததும் விட்டுவிட்டார். பாரம் பாலத்திலேயே தங்கிவிட்டது, கான்கிரீட்டுக்கு அது ஒரு கனம் இல்லை என்று ராமபத்ரன் விளக்கினார். ஆனால் சனங்கள் குறை சொல்ல வருவதை நிறுத்தவில்லை, வேலுத்தாய் கேட்பதையும் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் நாற்பத்தேழு. துரையின் வராந்தாவில் பழைய குழியிலேயே உட்கார்ந்துகொண்டார், இந்த முறை வேலை ஓய்ந்தவர்களுக்கு வீடு வேண்டும் என்று.

அந்த வருஷ ஆடியில் பக்கத்து லயத்து வேதமுத்துவின் மனைவி பிலோமிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. வேதமுத்து பயத்தில் கை கால் ஓடாமல் நின்றதால் சோலைதான் ஜீப்பில் துணைக்கு ஏறிக்கொண்டார். ஆறு இரண்டு ஆள் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது, மழையில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் ஜீப் இறங்கி ஏறியதும் பிலோமி கண்ணைத் திறக்காமல், “அக்கரை வந்திருச்சா மாமா?” என்று கேட்டாள். சோலை திரையை விலக்கி வெளியே பார்த்தார். முன் சக்கரம் மண்ணைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வந்திருச்சு தாயி” என்றார்.

பெண் குழந்தை. பொன்னாடையில்தான் சுற்றிக் கொண்டுவந்தார்கள், ஜரிகை குத்துகிறது என்று இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாலத்தின் நடுவில் அந்த ஒரு விரற்கடைப் பள்ளம் அப்படியே இருக்கிறது. தார் போட்டு இரண்டு தடவை நிரவிப் பார்த்தார்கள், தாரும் கூடவே இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கும். டிரைவர்கள் அந்த இடத்தில் செகண்ட் கியர் போட்டுக்கொள்வார்கள். வண்டி இறங்கி ஏறினால் பாதி ஆறு தாண்டியாயிற்று என்று உள்ளே இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.